வினவுமொழியில் அன்மையும் இன்மையும் ஐயமும்

வினாவும் விடையும் வழுவின்றி அமைதல் வேண்டும் என்பது தமிழ் இலக்கண நூலார் பெரிதும் வற்புறுத்திய கொள்கைகளுள் ஒன்று. தொல்காப்பியர் கிளவியாக்கத்தின்கண் செப்பு, வினா ஆகிய இரண்டையும் எடுத்துக்கொண்டு, அவை எங்ஙனம் அமைந்தால் வழாநிலை, எங்ஙனம் அமைந்தால் வழு என வரையறுத்துச் செல்கின்றார். அவர் கருதியது மக்கள் தம்முள் நிகழ்த்தும் வினாவிடையே. ஆயினும் இற்றைநாளில் மக்கள் பொறியை நோக்கி நிகழ்த்தும் வினாக்கள் எண்ணிறந்தன. வங்கிக் கணக்கு, புகைவண்டிப் பயணப் பதிவு, மருத்துவமனைக் குறிப்பு, பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல் ஆகிய யாவும் தரவுத்தளங்களில் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றினின்று செய்தியைப் பெறுதற்கு உலகெங்கும் பெருவழக்காக உள்ள மொழி எஸ்.கியூ.எல். என்பதாகும். இதனை ஈண்டு வினவுமொழி எனக் குறிப்போம்.

இம்மொழியைக் கையாள்வோர் அடிக்கடி இடர்ப்படும் சிக்கல்கள் சில உள. அவற்றிற்குத் தீர்வு கூறும் நூல்களும் மிகப் பல. ஆயின் அந்நூல்கள் ஒவ்வொரு சிக்கலையும் தனி நோயாகக் கொண்டு தனி மருந்து கூறி அமைகின்றன. சிக்கல்கள் பலவும் ஒரு வேரினின்று கிளைத்தவை என்பதும், வழக்கமாகக் கூறப்படும் மருந்து நோயை நீக்காமல் மறைத்துவிடுகின்றது என்பதும் எம் கருத்து. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம். இஃது ஒரு மொழியைப் பற்றிய திறனாய்வு ஆதலின், கணிப்பொறி பயிலாதார்க்கும் விளங்குமாறு எடுத்துக்காட்டுகளைச் சிறியனவாகவே கொண்டுள்ளோம்.

1. மொழியின் தோற்றம்

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில், சான் ஓசே நகரில், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திற் பணியாற்றியவர் எட்கர் காட் என்னும் அறிஞர். அவர் 1970 சூன் திங்களில் ஒரு கட்டுரை வெளியிட்டார். செய்திகளை எல்லாம் அட்டவணைகளாக அமைக்கலாம். அவற்றைக் கணவியலும் அளவையியலும் கொண்டு வினவலாம் என்பது அதன் சாரம். அதற்கு முன்னர், செய்தி பொறியினுள் எவ்விடத்து எவ்வாறு வைக்கப்பட்டுள்ளது என்பதை அறிந்தவரே அதனை எடுத்தல் கூடும். காட் அவர்தம் கொள்கை அவ்விலங்கை அறுத்தது. வேண்டுவது யாது என்று கூறுதல் மக்கள் கடன். அதனைத் தேடிக் கொணர்தல் பொறியின் கடன் எனப் பிரித்தது.

இக்கொள்கையை நடைமுறை மொழியாக்கியவர் டொனால்டு சேம்பர்லின், ரேமண்டு பாய்ஸ் ஆகிய இருவர். 1974-இல் அவர்கள் வெளியிட்ட மொழிக்குச் சீக்குவெல் என்பது பெயர். கட்டமைந்த ஆங்கில வினவுமொழி என்பது அப்பெயரின் விரிவு. பிறிதொரு நிறுவனம் அப்பெயரை வணிகக்குறியாகக் கொண்டிருந்தமையின், அது பின்னர் எஸ்.கியூ.எல். எனச் சுருங்கிற்று. 1986-இல் அமெரிக்கத் தர நிறுவனமும், 1987-இல் உலகத் தர நிறுவனமும் இம்மொழிக்கு வரையறை வகுத்தன.

மொழியின் முதற்பெயரில் 'ஆங்கிலம்' என்னும் சொல் நின்றமை கருதற்குரியது. கணிதம் பயிலாதாரும் எளிதில் வினவுதல் வேண்டும் என்பது ஆக்கியோர் நோக்கம். ஆதலின் குறியீடுகளை ஒதுக்கி, பேச்சுவழக்கிலுள்ள சொற்களை எடுத்தாண்டனர். இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் பேச்சுவழக்குச் சொல்லைக் காண்பவர் அதன் பேச்சுவழக்குப் பொருளையே கொள்வர் அன்றோ? சொல் ஆங்கிலத்தது, பொருள் அளவையியலினது. இவ்விரண்டும் பிரியும் இடத்திலேயே வழு தோன்றுகின்றது.

2. வெறுங்குறி

அட்டவணையில் இடமிருந்து வலமாகச் செல்வதனை வரிசை என்றும், மேலிருந்து கீழாகச் செல்வதனைப் பத்தி என்றும், இரண்டும் கூடுமிடத்தைக் கட்டம் என்றும் கொள்வோம். ஒரு கட்டத்தில் எழுதற்கு ஒன்றும் இல்லையாயின், வினவுமொழி அங்கு ஒரு தனிக்குறியை இடுகின்றது. ஆங்கிலத்தில் அதனை 'நல்' என ஒலிப்பர். தமிழில் அவ்வாறே எழுதின் நன்மை குறிக்கும் சொல்லோடு மயங்கும். ஆதலின் வெறுங்குறி என வழங்குவோம். இஃது எண்களுள் ஒன்றாகிய சுழியும் அன்று. எழுத்தில்லாத வெற்றுச் சொல்லும் அன்று. ஆயினும் ஆரக்கிள் என்னும் தரவுத்தளம் வெற்றுச் சொல்லையும் வெறுங்குறியாகவே கொள்ளும். இதனால் ஓரிடத்து எழுதிய வினா மற்றோரிடத்து வேறு விடை தருதலும் உண்டு.

வெறுங்குறியின் பொருள் யாது? மணநாள் என்னும் பத்தி ஒன்று உளதெனக் கொள்வோம். மணமாகாதவர்க்கு அக்கட்டம் வெறுமையாகும். ஈண்டு அச்செய்தியே பொருந்தாது. மணமானவர் நாளை எழுத மறந்தாராயின் அப்போதும் வெறுமையே. ஈண்டுச் செய்தி உண்டு, நாம் அறியோம். கூற மறுத்தார் எனினும் வெறுமை. எழுதியது அழிந்தது எனினும் வெறுமை. 1975-இல் அமெரிக்கத் தரக் குழுவொன்று அளித்த இடைக்கால அறிக்கை, இவ்வாறு செய்தி வெறுமையாதற்கு 14 வகைகளை எண்ணிக் காட்டிற்று. மொழியோ இவற்றிற்கெல்லாம் ஒரு குறியையே தந்தது. பலபொருள் ஒருசொல் இயற்கை மொழிகளிலும் உண்டு. ஆங்கு இடமும் சார்பும் பொருளை விளக்கும். ஐயமாயின் கேட்போன் மீட்டும் வினவுவான். பொறி மீட்டும் வினவாது. தனக்கென விதித்த பொருளைக் கொண்டு விடை தந்து அமைந்துவிடும்.

3. மூவகை மதிப்பு

வெறுங்குறியை ஏற்றமையின், வினவுமொழி மெய், பொய் என்னும் இரண்டோடு 'அறியப்படாதது' என்னும் மூன்றாவதொரு மதிப்பையும் ஏற்க நேர்ந்தது. மூவகை மதிப்புடைய அளவையியலை 1920-இல் போலந்து அறிஞர் வுகாசியேவிச் வெளியிட்டார். 1938-இல் அமெரிக்க அறிஞர் கிளீனி பிறிதொரு வகையில் அமைத்தார். மெய்யும் அறியப்படாததும் உம்மையாற் கூடின் அறியப்படாததே. பொய்யும் அறியப்படாததும் உம்மையாற் கூடின் பொய். அறியப்படாததன் எதிர்மறையும் அறியப்படாததே. வினவுமொழி பின்பற்றுவது இம்முறை. வெறுங்குறி வெறுங்குறிக்கு நிகரா எனின், மெய்யும் அன்று, பொய்யும் அன்று. அறியப்படாதது என்பதே விடை. அறியாத இரண்டு நிகரோ அல்லவோ என்பதை யார் அறிவர்? இதுகாறும் குறையொன்றும் இல்லை.

குறை தோன்றுவது இதன் பின்னரே. மூன்றாவது மதிப்பை ஒரு நெறியாகக் கொள்ளாது, இடந்தோறும் வேறு வேறாகக் கொண்டது இம்மொழி. வரிசைகளைத் தேரும் 'வேர்' என்னும் உறுப்பு, மெய்யானவற்றை மட்டும் ஏற்கும். அறியப்படாததைப் பொய்யோடு சேர்த்து ஒதுக்கும். புதிய செய்தியைச் சரிபார்க்கும் 'செக்' என்னும் உறுப்போ, பொய்யானதை மட்டும் விலக்கும். அறியப்படாததை மெய்யோடு சேர்த்து ஏற்கும். வயது 18-க்குக் குறையலாகாது என விதித்த அட்டவணையில், வயது எழுதப்படாத வரிசை தடையின்றி நுழையும். நுழைந்தபின், வயது 18-க்குக் குறையாதாரைக் காட்டுக எனின் அவ்வரிசை வாராது. 18-க்குக் குறைந்தாரைக் காட்டுக எனினும் வாராது. உள்ளே இருந்தும் இவ்விரு வினாவிற்கும் அகப்படாதவராக ஒருவர் இருத்தல் இவ்வாறு கூடுகின்றது. இனி, ஒப்புமை வினாவில் ஒன்றற்கொன்று நிகராகாத வெறுங்குறிகள், 'குரூப் பை' எனத் தொகுக்குமிடத்து ஒரே தொகுதியாகத் திரண்டு நிற்கும். வெறுங்குறியை வெறுங்குறியோடு நிகரெனக் கொண்டு ஒப்பிடுதற்குரிய தனித்தொடர் 1999-ஆம் ஆண்டுத் தரவரையறையிலேதான் இடம்பெற்றது.

4. அன்மையும் இன்மையும்

தமிழில் எதிர்மறை இருவகைப்படும். 'இவன் மாணவன் அல்லன்' என்பது அன்மை. ஒன்று மற்றொன்று ஆகாமையைக் கூறும். 'இவன்பால் நூல் இல்லை' என்பது இன்மை. பொருள் இல்லாமையைக் கூறும். தொல்காப்பிய வினையியல் குறிப்பு வினைகளை எண்ணுமிடத்து அன்மை, இன்மை இரண்டையும் தனித்தனியே வைத்தது. ஆங்கிலத்திலோ இரண்டிற்கும் 'நாட்' என்னும் ஒரு சொல்லே பெரும்பாலும் நிற்கும். வினவுமொழி ஆங்கிலத்தினின்று சொற்கொண்டமையின் அம்மயக்கத்தையும் உடன்கொண்டது. பலரும் இடர்ப்படும் 'நாட் இன்' என்னும் சிக்கலை இவ்வேறுபாடு கொண்டு நோக்கின் தெளிவாக விளங்கும்.

மாணவர் ஐவர் உளர். அவர்க்கு 1 முதல் 5 வரை எண்கள். உதவித்தொகைப் பதிவு என்னும் மற்றோர் அட்டவணையில் மூன்று வரிசைகள் உள. முதல் வரிசை 2 என்னும் எண்ணினர் பெற்றார் என்கின்றது; இரண்டாவது 4 என்னும் எண்ணினர் பெற்றார் என்கின்றது; மூன்றாவதில் தொகை கொடுத்த செய்தி இருப்பினும், பெற்றவர் எண் எழுதப்படாது வெறுங்குறி நிற்கின்றது. இனி, தொகை பெறாதார் யாவர் என வினவுகின்றோம்: 'எவருடைய எண் தொகைப் பதிவிலுள்ள எண்களுள் இல்லையோ அவரைக் காட்டுக.' இதற்கு 'நாட் இன்' என்னும் தொடரை ஆண்டால், வரும் விடை யாது? ஒருவரும் இலர் என்பதே.

காரணம் காண்பது எளிது. 1 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். அது 2 அன்று, மெய். அது 4 அன்று, மெய். அது வெறுங்குறி அன்று என்பதோ அறியப்படாதது. மூன்றும் உம்மையாற் கூடுதலின் முடிவு அறியப்படாதது. 'வேர்' அதனை ஒதுக்குகின்றது. 3, 5 ஆகியவற்றிற்கும் இஃதே. இன்மையை வினவினோம், பொறி அன்மையை ஒவ்வொன்றாக அடுக்கி ஆராய்ந்தது. 'நாட் இன்' தோற்றத்தால் இன்மைக் கிளவி. தொழிலால் அன்மைக் கிளவி. அளவையியல் நோக்கில் இது, 'ஒவ்வொன்றும் அன்று' என்னும் தொடருக்கு ஒத்ததாகும். ஆயிரம் வரிசைகளுள் ஒரு கட்டம் வெறுமையாயினும் விடை முழுதும் வெறுமையாகும். அப்போது பொறி பிழையென அறிவிப்பதும் இல்லை. வெற்று விடையைக் காணும் அலுவலர், பெறாதார் ஒருவரும் இலர் என மகிழ்ந்து ஏட்டை மூடுவர். தொகை பெறாத மாணவர் தம் பெயர் விடுபட்டதனை அறியவும் வழியில்லை.

5. வழக்கமான மருந்தும் அதன் குறையும்

இந்நோய்க்கு நூல்கள் பலவும் கூறும் மருந்து ஒன்றே: 'நாட் இன்' என்பதனை விடுத்து 'நாட் எக்சிஸ்ட்ஸ்' என்பதனை ஆள்க என்பது. இஃது உண்மையாகவே இன்மைக் கிளவி. இம்மாணவர்க்கு ஒத்த எண்ணுடைய வரிசை பதிவில் உளதா என நோக்கி, இல்லையாயின் அவரைக் காட்டும். நம் எடுத்துக்காட்டில் 1, 3, 5 ஆகிய மூவரும் வருவர். சிக்கல் தீர்ந்தது எனப் பலரும் அமைவர்.

தீர்ந்ததோ? மூன்றாவது வரிசையில் தொகை பெற்ற ஒருவர் உளர். அவர் 1, 3, 5 என்னும் எண்ணினருள் ஒருவராதல் கூடும். அங்ஙனமாயின், பெற்றவர் ஒருவரைப் பெறாதவர் எனப் பொறி கூறிற்று. அவர்க்கு மீண்டும் தொகை சென்றால், உண்மையிற் பெறாத ஒருவர்க்குப் பொருள் போதாமற் போகலாம். 'நாட் இன்' ஐயத்தால் வாய் மூடியது. 'நாட் எக்சிஸ்ட்ஸ்' ஐயத்தை மறந்து வாய் திறந்தது. முன்னதனினும் பின்னது பயன்மிக்கது என்பதை யாம் மறுக்கவில்லை. ஆனால் பின்னது விடுக்கும் வினா வேறு. 'பெறாதார் யாவர்?' என்பது நம் வினா. 'எவர் எண் பதிவிற் காணப்படவில்லை?' என்பது பொறி விடையிறுத்த வினா. பதிவில் இல்லாதது உலகிலும் இல்லை என்னும் கொள்கைக்கு அளவையியலார் மூடிய உலகக் கொள்கை எனப் பெயரிட்டனர். 1978-இல் ரேமண்டு ரைட்டர் என்பார் இதனைத் தெளிவுற வரையறுத்தார். பதிவு முழுமையானதாயின் இக்கொள்கை தகும். பெயரற்ற வரிசையொன்று நிற்கும் பதிவு, தான் முழுமையானதன்று எனத் தானே அறிவிக்கின்றது.

இவ்விரு வினாக்களும் தாராத உறுதியான செய்தி ஒன்று இவ்வட்டவணைகளிலேயே அடங்கியுள்ளமை காண்க. பெயரற்ற வரிசை ஒருவர்க்கே உரியது. ஆதலின் 1, 3, 5 ஆகிய மூவருள் இருவரேனும் தொகை பெறாதவர் என்பது திண்ணம். யாவர் அவ்விருவர் என்பதே ஐயம். நேரிய விடை இதுவே. 'ஒருவரும் இலர்' என்பதும் அன்று. 'மூவரும் பெறாதார்' என்பதும் அன்று. இவ்விடையைப் பெறுதல் அரிதன்று. 'நாட் எக்சிஸ்ட்ஸ்' கொண்டு மூவரைப் பெறுக. 'ஈஸ் நல்' கொண்டு எண்ணற்ற வரிசைகள் எத்தனை என எண்ணுக. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குக. ஆனால் அவ்விரண்டாவது வினாவை நாமே நினைந்து விடுத்தல் வேண்டும். மொழி நினைவூட்டாது.

6. கூட்டலும் இணைப்பும்

இம்மயக்கம் எண்ணுதலிலும் கூட்டுதலிலும் தொடர்கின்றது. மாணவர் நால்வருள் மூவர் மதிப்பெண் 80, 60, 40, ஒருவர்க்கு வெறுங்குறி. சராசரி கேட்டால் வினவுமொழி 60 என்னும். வெறுங்குறியை நீக்கி மூன்றால் வகுத்தமையின். கூட்டுத்தொகையை மாணவர் எண்ணிக்கையால் வகுப்பின் 45. மதிப்பெண் 100-க்கு மேற்படாது எனின், நால்வரின் உண்மைச் சராசரி 45-க்கும் 70-க்கும் இடைப்பட்டது என்பதே நாம் அறிந்தது. 60 என்பது மூவரின் சராசரி. நால்வரின் சராசரியாக அதனை வெளியிடல் வழுவாகும். வரிசைகளை எண்ணும் 'கவுண்ட்' வேறு, பத்தியை எண்ணும் 'கவுண்ட்' வேறு என்பதை அறியாமையால் இவ்வழு நேர்கின்றது.

மற்றொன்று. ஒரு வரிசையில் 10, 5 என இரண்டு எண்கள். அடுத்த வரிசையில் 20, வெறுங்குறி. பத்திகளைத் தனித்தனியே கூட்டிப் பின் சேர்த்தால் 35. வரிசைதோறும் சேர்த்துப் பின் கூட்டினால் 15. 20-உம் வெறுங்குறியும் சேர்ந்து வெறுங்குறியாகி மறைந்தமையின். எம்முறையிற் கூட்டினும் தொகை ஒன்றே என்பது பள்ளிச் சிறாரும் அறிந்த நெறி. அந்நெறி ஈண்டுச் செல்லாதாயிற்று.

இணைப்பு வினாக்களில் வெறுங்குறிக்கு மேலும் ஒரு பொருள் ஏறுகின்றது. மாணவர் அனைவரையும் காட்டுக. தொகை பெற்றிருப்பின் அதனையும் உடன் காட்டுக என்பதற்கு 'லெப்ட் ஜாயின்' என்னும் இணைப்பை ஆள்வர். பெறாதார்க்குத் தொகைப் பத்தியில் வெறுங்குறி தோன்றும். இது பதிவில் எழுதிய வெறுங்குறி அன்று. வரிசையே இன்மையால் வினா தானே இட்டது. பெற்றார் ஆனால் தொகை எழுதப்படவில்லை என்பதும், பெறவே இல்லை என்பதும் விடையில் ஒரே தோற்றமாக நிற்கும். இனி, குறித்த ஓர் ஆண்டின் தொகை மட்டும் வேண்டும் என எண்ணி, அவ்வரையறையை 'வேர்' உறுப்பில் எழுதினால், வெறுங்குறி பெற்ற மாணவர் அனைவரும் ஒதுக்கப்படுவர். அனைவரையும் காட்டும் வினா, பெற்றாரை மட்டும் காட்டும் வினாவாகத் திரியும். அவ்வரையறையை இணைப்புக்குரிய 'ஆன்' உறுப்பில் எழுதுதலே முறை. இங்கும் அறியப்படாததைப் பொய்யோடு சேர்த்தமையே வழுவின் வேர் என்பது வெளிப்படை.

7. பிற மொழிகளோடு ஒப்புநோக்கு

இவ்வேறுபாடு வினவுமொழிக்கே உரியதோ எனின், அற்றன்று. தரவுகளை ஆராய்வோர் பைத்தான் மொழியில் அமைந்த பாண்டாஸ் என்னும் கருவித்தொகுதியைப் பெரிதும் ஆள்கின்றனர். 2008-இல் வெஸ் மக்கின்னி என்பார் இதனை ஆக்கத் தொடங்கினார். இதன் வழக்கமான எண் பத்தியில் செய்தியின்மையைக் குறிப்பது, 1985-இல் வகுத்த பின்ன எண் தரவரையறையிலுள்ள 'எண் அன்று' என்னும் குறி. அக்குறி தனக்குத் தானும் நிகர் அன்று. எனவே, '5 அல்லாதவற்றைக் காட்டுக' என்றால் செய்தியற்ற வரிசைகளும் வரும். அவ்வினாவையே வினவுமொழியில் விடுத்தால் அவை வாரா. தொகுக்குமிடத்து வினவுமொழி வெறுங்குறிகளை ஒரு தொகுதியாகக் காட்டும். பாண்டாஸ் அவற்றைக் கேளாமலே நீக்கும். இணைக்குமிடத்து வினவுமொழி வெறுங்குறியோடு வெறுங்குறியைச் சேர்க்காது, பாண்டாஸ் சேர்க்கும். ஒன்றுமே இல்லாத பத்தியைக் கூட்டினால் வினவுமொழி வெறுங்குறி தரும். பாண்டாஸ் சுழி தரும். தரவை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்வார் இவை நான்கையும் நினைவிற் கொள்ளாராயின், எழுத்து மாறாமலே பொருள் மாறும்.

பிறிதொரு கேடும் உண்டு. முழு எண்கள் நிறைந்த பத்தியில் ஒரு கட்டம் வெறுமையாயின், பாண்டாஸ் பத்தி முழுவதையும் பின்ன எண்களாக மாற்றிக்கொள்வது வழக்கம். 9,007,199,254,740,992 என்னும் எண்ணைக் கடந்தால், பின்ன எண் வடிவம் முழு எண்கள் அனைத்தையும் வழுவாது தாங்காது. 17 இலக்கமுடைய கணக்கு எண்களின் பத்தியில் ஒருவர் எண் விடுபட்டதனால் மற்றொருவர் எண்ணின் இறுதி இலக்கம் திரிதல் கூடும். ஒருவரைப் பற்றிய அறியாமை மற்றொருவரைப் பற்றிய அறிவையும் கெடுக்கின்றது. வெறுமையைத் தாங்கும் முழு எண் வகையைப் பாண்டாஸ் 2019-இல் சேர்த்தது. கிளீனியின் முறையைப் பின்பற்றும் தனிக்குறியை 2020-இல் சேர்த்தது. இவை வேண்டுவோர் கேட்டுப் பெறுவன.

நியூசிலாந்து நாட்டில் ஆக்கப்பட்ட ஆர் என்னும் புள்ளியியல் மொழி இவற்றினும் நேர்மை உடையது. மேற்கூறிய நால்வர் மதிப்பெண்ணின் சராசரியை அதனிடம் கேட்டால், 60 எனக் கூறாது. செய்தி இல்லை என்னும் குறியையே விடையாகத் தரும். வெறுமையை நீக்கிக் கணக்கிடுக என நாம் வெளிப்படக் கூறினாலன்றி நீக்காது. விடை கிட்டாமை புதியவர்க்குச் சலிப்பூட்டுவதே. ஆயினும் ஐயம் உளது என அறிவிக்கும் மொழி, ஐயத்தை மறைக்கும் மொழியினும் சிறந்தது என்பதை யாரும் ஒப்புவர்.

8. அறிஞர் இருவர் கொள்கை

வெறுங்குறியைக் குறித்து இத்துறை அறிஞரிடையே நெடிய சொற்போர் நிகழ்ந்துள்ளது. காட் அவர்கள் வெறுங்குறியை வேண்டுவது என்றே கொண்டார். 1979-இல் வெளியிட்ட கட்டுரையில் மூவகை மதிப்பை விளக்கினார். 1990-இல் வெளியிட்ட நூலில், அறியப்படாதது, பொருந்தாதது என வெறுங்குறியை இரண்டாக்கி, மதிப்புகளை நான்காக்கினார். அவர்தம் கொள்கையைப் பரப்பியவருள் தலைசிறந்தவராகிய சி. ஜே. டேட் இதில் அவரோடு முரணினார். வெறுங்குறி அளவையியலைக் கெடுப்பது. அதனை அறவே நீக்குக என்றார்.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் முழுமையாகா. குறிகளைப் பெருக்குவது பொருளைப் பிரிக்கும். ஆனால் 14 வகை வெறுமைக்கும் 14 குறிகள் வைப்பின் வினா எழுதுவார் எவர்? வெறுங்குறியை நீக்கி அவ்விடத்தில் சுழியோ 99 என்பதோ இடுவோர் உளர். அவ்வெண்கள் சராசரியிற் கலந்து கணக்கைக் கெடுக்கும். அறியாமை அறிவுபோல் வேடம் புனையும். டேட் விரும்பியவாறு அறிந்த செய்திகளை மட்டும் தனி அட்டவணைகளாகப் பிரித்தல் இதனினும் நன்று. ஆனால் அவற்றை மீண்டும் ஒருங்கு காண விழையும்போது மேற்கூறிய 'லெப்ட் ஜாயின்' இணைப்பு வெறுங்குறியைத் திரும்பக் கொணரும். அறியாமை உலகில் உளது. அதனைக் குறியால் ஒழித்தல் இயலாது. எனவே வெறுங்குறி வேண்டுமா, வேண்டாவா என்பதனினும், விடையில் ஐயம் புலப்படுகின்றதா என்பதே கேட்கத்தக்க வினா என யாம் கருதுகின்றோம்.

9. விடை மரபு

இங்குக் கிளவியாக்கத்தின் விதிகள் இரண்டை நினைவுகூர்தல் தகும். பால் ஐயம் தோன்றியவிடத்து ஒரு பாலைத் துணிந்து கூறாது, பன்மையாற் கூறுக என்பது ஒன்று. ஐயத்தை ஐயமாகவே மொழியில் நிறுத்துதல் இதன் கருத்து. தன்னிடம் இல்லாத பொருளைப் பிறர் வினவியவழி, வாளா மறுக்காது, தன்பால் உள்ள பொருளைக் கூறி அதன் வாயிலாக இன்மையைப் புலப்படுத்துக என்பது மற்றொன்று. பயறு வினவியவர்க்கு வணிகன் தன்னிடம் உழுந்தே உள்ளது என விடையிறுப்பதனை உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். கேட்டவர் வறிதே திரும்பாது, உள்ளதனை அறிந்து செல்வர். தொல்காப்பியர் பொறியைக் கருதி இவற்றைக் கூறினார் என்பது எம் கருத்தன்று. வினாவிடையின் இயல்பை ஆழ்ந்து நோக்கியவர் எக்காலத்தும் எந்நாட்டும் ஒத்த இடர்களையே காண்பர் என்பதே கருத்து. 'இல்லை' என்னும் வெற்று விடையின் குறைபாட்டை அவர் உணர்ந்திருந்தார். வினவுமொழியை ஆக்கியோர் அதற்கு இடம் வகுக்கவில்லை.

மொழியை மாற்றுதல் பயில்வார் கையில் இல்லை. வினவும் முறையை மாற்றுதல் உண்டு. அட்டவணை வகுக்கும்போதே, வெறுமையாக விடலாகாத பத்திகளை வெறுங்குறி ஏலாதனவாக விதித்தல் வேண்டும். எடுத்துக்காட்டிலுள்ள தொகைப் பதிவு அவ்வாறு அமைந்திருப்பின், எண்ணற்ற வரிசை நுழைந்திராது. வெறுமை தவிர்க்கவொண்ணாததாயின், அதன் காரணத்தை எழுத மற்றொரு பத்தி வைத்தல் வேண்டும். இன்மையை வினவுங்கால் இன்மைக் கிளவியையே ஆளுதல் வேண்டும். சராசரி கூறுமிடத்து எத்தனை பேரின் சராசரி, எத்தனை பேர் விடுபட்டனர் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒவ்வொரு பட்டியலோடும் ஐயத்திற்குரியன எத்தனை என்னும் எண்ணிக்கை செல்லுதல் வேண்டும்.

இவை சிறு செயல்களே. எனினும் இவற்றைப் பொறி தானே செய்யாது. வினவுவோன் நினைந்து செய்தல் வேண்டும். இற்றைநாளில் உதவி பெறுவார் யார், விடுபடுவார் யார் என்பதை இத்தகைய பட்டியல்களே பலவிடத்தும் முடிவு செய்கின்றன. எழுதப்படாத ஒரு கட்டத்தால் ஒருவர் இல்லாதவர் ஆகிவிடலாகாது. அன்மையை அன்மையாகவும், இன்மையை இன்மையாகவும், ஐயத்தை ஐயமாகவும் கூறும் விடையே வழுவற்ற விடையாகும்.